வாசலில் மிஞ்சிய செங்கல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம், மனதளவில் எப்படி என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும். உன் இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்காதே என்று சொன்னேனே கேட்டாயா. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒரு வசனம் சொல்கிறாய், நான் அழுகிறேன், அப்புறம் பேசலாம் என்று நீ வைத்துவிடுகிறாய். தாளில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் தையற்கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா இதைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருகிறேன் என்றாள். படிக்கவே மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்திருக்கிறாள், கட்டாயம் படிப்பாள், படித்துவிட்டுப் போகட்டும், அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். போன வாரம் நீ அப்பாவுக்கு அனுப்பிய செய்தியை இங்கே வாசித்தது யார் தெரியுமா? அப்பாவுக்குப் போனில் வரும் சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, எது வந்தாலும் சின்னவளிடம்தான் நீட்டுவார். அன்றைக்கும் நீட்டினார், பெரியவன் என்னமோ அனுப்பியிருக்கான் பாரு என்றார். அவளும் அண்ணன் செய்தி என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகத்தான் வாங்கினாள். "வேதத்துல நமக்குப் பிடிச்சத எடுத்துக்கிட்டு பிடிக்காதத விட முடியாதுப்பா. அவ சபை முன்னால நின்னு பாவத்த ஒத்துக்கிற வரைக்கும் அந்த வீட்ல இருக்கக் கூடாது. நீங்க மனசு இளகிடாதீங்க." இதை உன் தங்கை, தன் வாயால், ஒரு சொல் விடாமல் வாசித்தாள். நடுவில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை, அவள் யார் மகள். வாசித்து முடித்து போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். வேறு ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஆள் கேட்கிறார்களாம், கூடப் படித்தவள் அறையில் ஒட்டிக்கொள்ளலாமாம், சனிக்கிழமை கிளம்புகிறாளாம். வயிறு இப்போது பார்த்தாலே தெரிகிறது. அந்த வயிற்றோடு யாரோ ஒருத்தி அறையில் பாய் விரித்துப் படுக்கப் போகிறாள். அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை.

நடந்ததை எல்லாம் நீ அப்பா வாயால்தான் கேட்டிருக்கிறாய், ஒரு தடவை என் வாயாலும் கேள். அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் திருட்டுத்தனமாக வந்துபோனவன் இல்லை. நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவன், அடுத்த வருஷம் கல்யாணம் என்று சொன்னவன், கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபம் பண்ணினவன். உன் அப்பா அதற்கு எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னார். விஷயம் தெரிந்த மறுவாரமே கடைக்கதவு பூட்டு, போன் நம்பர் மாற்றம், ஆள் போன இடம் தெரியவில்லை. அவனை யாரும் சபை முன்னால் நிற்கச் சொல்லவில்லை, எங்கே என்று போய்ச் சொல்வது. இருக்கிறவள் இவள்தானே, அகப்பட்டவளும் இவள்தான். அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார், சபையில் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொள்ளும்வரை வீட்டில் இடமில்லை, வேதத்தில் இருக்கிறது என்று. எல்லார் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று இவளும் சொல்லிவிட்டாள். தப்பு செய்யவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, என் மடியில் படுத்து அழுதது எனக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும்.

நம் வீட்டில் வேதம் வாசிக்கிற முறை உனக்கு மறந்திருக்காது. முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை, காலையில் கடை திறக்குமுன், ஆளுக்கு ஒரு நாள், ஒரு வசனம்கூட விடாமல். யார் யாரைப் பெற்றான் என்று பேர் பேராக வருகிற இடத்தில் நீ நைசாகத் தாண்டப் பார்ப்பாய், தாண்டி வாசிக்கிறவன் திருடன் என்று அப்பா உன் தொடையில் கிள்ளுவார். அந்த முறைப்படி மோசேயின் சட்டங்களுக்கு வந்திருந்தோம். இரண்டு விதமான நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்று வருமே, அது சின்னவளின் முறையில் வந்தது. வாசித்து முடித்தாள். புத்தகத்தை மூடாமலே கேட்டாள், "அப்பா, நீங்க தைக்கிறது பூரா கலப்புத் துணிதான். மொட்ட மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டணும்னு இன்னொரு இடத்துல வருது, அதையும் நீங்க கட்டல. அதெல்லாம் விட்டுட்டு என்ன மட்டும் எப்படிப்பா புடிச்சீங்க?" வேறு ஒரு தகப்பனாக இருந்தால் கத்தியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுச் சரியாகியிருப்பார். உன் அப்பா அதை நியாயமான கேள்வி என்று எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் பிடித்தது.

மறுநாள் பள்ளிச் சீருடைக்கு வந்திருந்த துணிக்கட்டுகள் அத்தனையும் திருப்பி அனுப்பினார். எல்லாம் பாலியெஸ்டர் கலந்தது. ஏன் என்று கேட்ட பள்ளி ஊழியரிடம், வேதத்துக்கு விரோதமான துணி என்று சொன்னார், அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். சரி, சுத்தப் பருத்தி மட்டும் தைப்போம் என்று உட்கார்ந்தால் நம் காஜா அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளா, "அப்போ நூலு? பருத்தித் துணியில பாலியெஸ்டர் நூல் ஓட்டுனா அதுவும் கலப்புதானே முதலாளி" என்று கேட்டுத் தொலைத்தாள். ஊரெல்லாம் அலைந்து பருத்தி நூல்கண்டு வாங்கி வந்தார். அது நம் மிஷின் வேகத்துக்கு நிற்குமா, நாலு தையலுக்கு ஒரு தடவை அறுந்தது. நாள் முழுக்க ஊசியில் நூல் கோத்துக் கோத்து அவருக்குக் கண் வீங்கிப்போனது, மிதிக்கிற நேரத்தை விடக் கோக்கிற நேரம்தான் அதிகம். தாடி ஓரத்தை மழிக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் வருகிறதே, அதற்காகச் சவரத்தையும் விட்டார், பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் உள்ளே வந்து கடை கைமாறிவிட்டதா என்று கேட்டார். நான் சிரித்தேன் என்று நினைக்காதே. சிரிப்பு வந்தது, வாய்வரைக்கும் வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவர் விளையாடவில்லை, ராசா. முழுசாகக் கைக்கொள்ளாதவன் மகளை வெளியே போகச் சொல்ல முடியாது என்று அவருக்கே பட்டுவிட்டது, அதனால் முழுசாகக் கைக்கொள்ளக் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு சட்டமாக அவர் நிறைவேற்ற நிறைவேற்ற, என் மகளுக்கு வாசல் கிட்டே வந்துகொண்டிருந்தது.

மொட்டை மாடிக்குச் சுவரும் கட்டினார். நான் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்த சுவர். துணி காயப்போடும்போது காற்று அடித்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேனே, அப்போதெல்லாம் ஆகட்டும் பார்க்கலாம் என்றவர், இப்போது கொத்தனாரைக் கூட்டிவந்து ஒரே வாரத்தில் முடித்தார். பொண்டாட்டி சொல் கேட்காத மனிதர் மோசே சொன்னதைக் கேட்டார். அந்தச் சட்டத்தில் காரணமும் சொல்லியிருக்கிறது, யாராவது விழுந்து அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வந்துவிடக் கூடாது என்று. எவ்வளவு அக்கறையான சட்டம் பார். நான் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஸ்தோத்திரம் சொன்னேன், அது பொய்யில்லை. மிஞ்சின செங்கலைக் கொத்தனார் முன்வாசலில் கதவோரமாக அடுக்கிவிட்டுப் போனார். அதை யாரும் எடுக்கவில்லை.

நடுவில் போதகரும் வந்தார். துணியைத் திருப்பி அனுப்பிய சேதி அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. துணி விஷயத்துக்கு நீ போனில் சொன்னதையேதான் அவரும் சொன்னார், அந்தச் சட்டமெல்லாம் அந்தக் காலத்து ஜனங்களுக்கு, சிலுவையோடு அது முடிந்துவிட்டது, நமக்கு இல்லை என்று. அப்பா புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, "எது முடிஞ்சுது எது முடியலன்னு கோடு எங்க போட்டிருக்கு, காட்டுங்க" என்று கேட்டார். போதகர் பக்கத்தைப் புரட்டினார், தேநீரைக் குடித்தார், மறுபடி புரட்டினார். நல்ல மனிதர்தான், கஷ்டப்பட்டு என்னென்னமோ விளக்கினார், எனக்குப் பாதி புரிந்தது. அப்படியானால் சின்னவள் விஷயமும் முடிந்துபோன கணக்கில் சேருமா என்று நான் கேட்டேன். "அது வேறம்மா" என்றார். எப்படி வேறாச்சு என்று கேட்டேன், மணியைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன், நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் தொழிலுக்கும் இடைஞ்சலாக வருகிற சட்டமெல்லாம் முடிந்துவிடுகிறது, ஒரு பெண் தலையில் விழுகிற சட்டம் மட்டும் முடியவே மாட்டேன் என்கிறது.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன். அப்பாவின் முறை. சுவர் கட்டச் சொல்கிற அதிகாரமே அன்று வந்தது. அந்த வசனம் வந்ததும் குரலை உயர்த்தினார், கண்ணாடிக்கு மேலாகச் சின்னவளை ஒரு பார்வை பார்த்தார், பாடம் ஒப்பித்து முடித்த பிள்ளையின் முகம். கொஞ்சம் கீழே கலப்புத் துணி வந்தது, அதற்கும் ஒரு பார்வை. அதே பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே என்ன வருகிறது என்று உனக்குத் தெரியுமா? எத்தனையோ சுற்று வாசித்த பக்கம்தான், நானும் வாசித்திருக்கிறேன், அப்போதெல்லாம் அது யாரையோ பற்றியது. கட்டிக்கொடுத்த பெண் கன்னியாக வரவில்லை என்று தெரிந்தால், அவளை அவள் தகப்பன் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று வருகிறது. சின்னவள் கதைக்கும் அந்தச் சட்டத்துக்கும் அளவெடுத்த மாதிரி பொருந்தாது என்று நீ சொல்வாய், எனக்கும் தெரியும். ஆனால் தகப்பன் வீட்டு வாசல் என்று வாசித்ததும் உன் அப்பாவுக்குக் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தார், மறுபடி அந்த இடத்துக்கு வந்தார், மறுபடி நின்றது. தாண்டவும் முடியவில்லை, தாண்டினால் திருடன் என்று சொன்னவர் ஆயிற்றே.

சின்னவள் எழுந்து அவர் மடியில் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். அந்த வசனத்தை அவளே வாசித்தாள், அதற்கு அடுத்ததையும் வாசித்தாள், அதிகாரத்தைக் கடைசிவரை வாசித்து முடித்தாள். குரல் நடுங்கவே இல்லை. முடித்துவிட்டு, "செங்கல் வாசல்லயே இருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை, சண்டையாகவும் சொல்லவில்லை. அப்பா ஜெபம் பண்ணாமலே எழுந்தார். வெளியே போனார். கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன், கதவோரம் சத்தம் கேட்டது. குனிந்து இரண்டிரண்டாகச் செங்கலைத் தூக்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் போட்டுவிட்டு வந்தார். இடுப்பு வலிக்காரர், நான் பிடிக்கிறேன் என்றேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். கடைசிச் செங்கல் போகும்வரை ஒருத்தரையும் தொடவிடவில்லை. அதன்பிறகு போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது, கொஞ்ச நாளில் வாயும் திறக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்கு மூன்றாம் நாள்தான் உன் செய்தி வந்தது.

பிடித்ததை எடுத்துப் பிடிக்காததை விடலாமா என்று கேட்கிறாயே, உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் அந்தப் பயம்தான். ஒரு தையலை உருவினால் மொத்தத் துணியும் பிரிந்துவிடுமோ என்று படுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். சுவர் வேண்டும் கல் வேண்டாம் என்று சொல்ல நான் யார், தையற்கடையில் துணிக்கு அடி மடித்துத் தைக்கிறவள். ஆனால் ராசா, நீ ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போகிறாய். ஓய்வுநாளில் வேலை செய்கிறவனுக்கும் அந்தச் சட்டத்தில் கல்லடிதான், போய்ப் பார். நீ போகிறேன் என்று சொன்னபோது நான் கல் எடுக்கவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். அப்பாவும் சரி போதகரும் சரி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிள்ளை உழைக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். எல்லோரும் பொறுக்கித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம், சிலர் அதை ஒத்துக்கொள்கிறோம், சிலர் ஒத்துக்கொள்வதில்லை. எதை வைத்துப் பொறுக்குகிறோம் என்றுதான் கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நம் ஆண்டவர் முன்னால், தப்பு செய்தாள் என்று ஒருத்தியைக் கல்லெறியக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அதைச் சொல்லி உன்னை மடக்க எனக்கு ஆசையில்லை, உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கும் இந்தச் சட்டம் தெரியும், அவர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை, ஆனால் அன்றைக்கு அவள்மேல் ஒரு கல்லும் விழவில்லை. எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். இதில் நான் தப்பென்றால் அவர் முன்னால் நின்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ எனக்காகப் பயப்பட வேண்டாம்.

நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சின்னவளின் வெள்ளைக் கோட்டு, பரிசோதனைக் கூடத்தில் போடுவது, பொத்தான் பூட்ட முடியாமல் போய் ஒரு மாதம் ஆகிறது. திறந்தபடியே போட்டுக்கொண்டு போவாள், நான் பிரித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் போகிற இடத்தில் வேறு தருவார்கள் என்பாள். நேற்றுக் காலையில் எழுந்து பார்க்கிறேன், அந்தக் கோட்டு அவள் அறைக் கதவுப் பிடியில் தொங்குகிறது. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எடுத்து வயிற்றுக்குத் தாராளமாக விட்டு, புதுசாகத் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறது. தையலைத் தொட்டுப் பார்த்தேன், யார் கை என்று எனக்குத் தெரியாதா. அந்தக் கோட்டு சுத்தக் கலப்புத் துணி. தைத்த நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல்கண்டு எல்லாம் கடையில் ஒரு டப்பாவுக்குள் போய்விட்டது என்று காஜா அக்கா சொன்னாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே தேநீர் குடிக்கும்போது, "பெரியவன் எழுதுனத அவ மனசுல வெச்சுக்கிட்டாளா" என்று கேட்டார்.

சின்னவள் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். பொத்தான் எல்லாம் பூட்டினாள், கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "அப்பா கல்ல எடுத்துட்டாரும்மா. அண்ணன் எறிஞ்சது எறிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பெட்டி இன்னும் கீழேதான் இருக்கிறது. முன்பு செங்கல் இருந்த அதே கதவோரம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்ளட்டும், உனக்குக் கொடுத்த அறிவோடு இரக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கட்டும். நீ என்ன முடிவு செய்தாலும் என் பிள்ளைதான், உனக்கும் இந்த வீட்டு வாசல் எப்போதும் வாசல்தான். சனிக்கிழமை வண்டி காலையில். இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடாதே. அவளைக் கூப்பிடு.

உன் அம்மா